யஸ்து நகரின் தலைவரி: ஒரு விண்ணப்பத்தின் 28 ஆண்டுகள்

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது நம் இல்லங்களில் வழங்கிவரும் பழமொழி. வாய்விட்டு அழுவதற்கே அஞ்சும் நிலையில் ஒரு பிள்ளை இருக்குமானால், அதற்காகக் கடலுக்கு இப்பால் வாழும் உறவினர் அழலாமா? அழுதால் அக்குரல் எந்த அரசின் செவியில் விழும்? விழுந்தாலும் அவ்வரசு என்ன செய்யும்? ஒரு நாட்டில் சமயத்தின் காரணமாக மக்கள் ஒடுக்கப்படும்போது மற்றொரு நாட்டின் அரசு பேசுவது முறையா, பேசினால் பயன் விளையுமா என்று உலக மன்றங்களில் இன்றும் விவாதம் நடைபெற்றுவருகிறது. கொள்கையளவில் நின்று இதற்கு விடை தேடுவதைவிட, நடந்து முடிந்த ஒரு வரலாற்றை எடுத்து ஆராய்வது நன்று. அத்தகைய வரலாறு ஒன்று, நாம் குடியேறி வாழும் இந்த மும்பை மாநகரிலேயே, இது பம்பாய் என்று வழங்கிய நாளில் தொடங்கியது. அதனைத் தொடங்கியவர்கள் பார்சிகள். நம்மைப் போலவே அவர்களும் பிறிதோரிடத்திலிருந்து இங்கு வந்தவர்கள்.

எஞ்சி நின்றோர்

ஈரானை ஆண்ட சாசானிய மரபின் கடைசி மன்னனான மூன்றாம் யஸ்தகிர்து கி.பி. 651இல் கொல்லப்பட்டான். அவனோடு, சரதுஷ்டிரர் அருளிய சமயம் அந்நாட்டின் அரச சமயம் என்னும் நிலையை இழந்தது. அதன்பின் சில நூற்றாண்டுகளுக்குள், அச்சமயத்தைக் கைவிட மனமில்லாத ஒரு கூட்டத்தார் கடல் கடந்து குசராத்தின் கரையை அடைந்தனர். சஞ்சான் என்னும் ஊரில் அவர்கள் குடியேறிய கதையை, 1600ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட 'கிஸ்ஸா-இ-சஞ்சான்' என்னும் பாரசீகச் செய்யுள் நூல் கூறுகிறது. அவர்களுடைய வழித்தோன்றல்களையே நாம் பார்சிகள் என்கிறோம்.

வந்தவர்களின் வரலாறு நமக்கு ஓரளவு தெரியும். வாராமல் அங்கேயே எஞ்சி நின்றவர்களின் வரலாற்றை நாம் பெரிதும் அறிவதில்லை. அவர்கள் ஈரானின் நடுவே, பாலைநிலத்தை அடுத்துள்ள யஸ்து, கெர்மான் என்னும் இரு நகரங்களிலும் அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் ஒதுங்கி வாழ்ந்தனர். உழவும் தோட்டத்தொழிலும் பெரும்பாலோரின் பிழைப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், கஜார் மரபினரின் ஆட்சியில், அவர்கள்மீது சுமத்தப்பட்டிருந்த கட்டுப்பாடுகளைப் பயணிகளும் சமயத் தொண்டர்களும் எழுதி வைத்துள்ளனர். நகருக்குள் குதிரைமீது ஏறிச் செல்லுதல் கூடாது. கழுதைமீது சென்றாலும் எதிரே இசுலாமியர் ஒருவர் வந்தால் இறங்கி நிற்க வேண்டும். சாயமேற்றிய நல்லாடை உடுத்தலாகாது. மங்கிய மஞ்சள் நிற ஆடையே அவர்களுக்கு அடையாளம். வீட்டுச் சுவர் குறிப்பிட்ட உயரத்துக்குமேல் எழலாகாது. மழை நாளில் தெருவில் நடந்தால் ஈரத்தின் வழியே தீட்டுப் பரவும் என்று அவர்கள் வெளியில் வருவதும் தடுக்கப்பட்டது. குடும்பத்தில் ஒருவன் மதம் மாறிவிட்டால், மாறாத உடன்பிறந்தாரை விலக்கிவிட்டுச் சொத்து முழுவதையும் அவனே உரிமை கோரலாம். தீட்டு என்னும் சொல்லின் கொடுமையை நம் நாட்டுத் தெருக்களிலேயே கண்டறிந்த நமக்கு இவற்றை விளக்க வேண்டுவதில்லை.

இவை அனைத்திற்கும் மேலாக நின்றது ஜிசியா என்னும் தலைவரி. நம் வரலாற்றுப் பாடங்களில் நாம் படித்த சொல்தான் இது; அக்பர் 1564இல் நீக்கியதும் ஒளரங்கசீப் 1679இல் மீண்டும் விதித்ததும் இவ்வரியையே. ஈரானில் சரதுஷ்டிரரைப் பின்பற்றுவோரிடம் இது ஆண்டுதோறும் தண்டப்பட்டது. அரசு விதித்த தொகை ஒன்று. தண்டுவோர் பெற்ற தொகை வேறொன்று. இடையில் நின்ற ஆளுநர் முதல் கடைநிலை ஊழியர்வரை ஒவ்வொருவரும் தத்தம் பங்கைச் சேர்த்தே வாங்கினர். கொடுக்க இயலாதவன் அடிபட்டான். அடியைத் தாங்க இயலாதவன் மதம் மாறினான். ஆகவே இவ்வரி பணத்தைப் பற்றியது மட்டுமன்று. ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டின் வாயிலிலும் வந்து நின்று, உன் நம்பிக்கைக்கு உன்னால் விலை கொடுக்க முடியுமா என்று கேட்ட கேள்வியும் ஆகும்.

இப்பால் வாழ்ந்தோர்

ஈரானில் எஞ்சியோர் இவ்வாறு தேய்ந்துகொண்டிருக்க, இந்தியாவுக்கு வந்தோர் வளர்ந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பம்பாய்ப் பார்சிகள் கப்பல் கட்டுதலிலும் சீன வாணிகத்திலும் பெருஞ்செல்வம் ஈட்டியிருந்தனர். ஆங்கில ஆட்சியினர் அவர்களை மதித்தனர். 1842இல் வீரத்திருத்தகைப் பட்டம் பெற்ற முதல் இந்தியரான ஜாம்ஷெட்ஜி ஜீஜிபாய் ஒரு பார்சியே.

செல்வம் பெருகியவர்கள் ஊரை மறப்பது உலக இயல்பு. பார்சிகளுக்கோ ஊரைவிட்டு ஆயிரம் ஆண்டு கழிந்திருந்தது. தாய்மொழியாகக் குசராத்தியை ஏற்றுக்கொண்டுவிட்டனர். ஈரானில் இருப்போரோடு அவர்களை இணைத்தவை சமயமும் நினைவும் மட்டுமே. ஆயினும் அந்த நினைவைப் புதுப்பிக்க அவ்வப்போது ஆள் வந்துகொண்டிருந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தந்தையோடு ஈரானைவிட்டுத் தப்பிவந்த குல்ஸ்தான் பானு என்னும் பெண், பம்பாயில் பிராம்ஜி பாண்டே என்னும் வணிகரை மணந்தார். அவ்வீடு பின்னர் ஈரானிலிருந்து வருவோர்க்கு அடைக்கலம் தரும் இடமாயிற்று. தாயின் வாயிலாக அக்கதைகளைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், வந்தவர்களுக்குச் சோறிடுவதோடு நின்றுவிடாமல், அங்கேயே இருப்போரின் நிலையை மாற்ற வேண்டும் என்று எண்ணத் தொடங்கினர். அவ்வகையில் மெர்வான்ஜி பிராம்ஜி பாண்டேயும் பிறரும் முன்னின்று, 1850களின் தொடக்கத்தில், ஈரானியச் சரதுஷ்டிரர்களின் நிலையை மேம்படுத்துவதற்கான சங்கம் ஒன்றை அமைத்தனர். பின்னாளில் பெரும் ஆலை முதலாளியான தீன்ஷா மானெக்ஜி பெடிட் அதன் தலைவராக நெடுங்காலம் உழைத்தார்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. ஈரானில் துன்புற்றோர் ஷாவின் குடிமக்கள். பம்பாயில் இருந்தோர் ஆங்கில அரசின் குடிமக்கள். ஆங்கில அரசு தன் குடிமக்களுக்காக ஈரானிடம் பேச உரிமை உண்டு; ஷாவின் குடிமக்களுக்காகப் பேச எந்த உடன்படிக்கையும் உரிமை தரவில்லை. இந்த இடைவெளியை எவ்வாறு கடப்பது என்பதே அவர்கள் முன் நின்ற சிக்கல்.

இவ்விடைவெளியைப் படைகொண்டு கடக்க முயன்றோரும் உண்டு. துருக்கிப் பேரரசில் வாழ்ந்த கிழக்குக் கிறித்தவர்களுக்குத் தானே பாதுகாவலன் என்று உருசியப் பேரரசன் உரிமை கொண்டாடினான். அவ்வுரிமையை முன்னிட்டு எழுந்த பூசல் கிரீமியப் போராக வெடித்தது. 1854 மார்ச் மாத இறுதியில் பிரிட்டனும் பிரான்சும் உருசியாவின்மீது போர் தொடுத்தன. போர் 1856 வரை நீடித்து இலட்சக்கணக்கானோரைப் பலிகொண்டது. சமயத்தாரைக் காப்பதாகச் சொல்லித் தொடங்கிய பூசலில் அச்சமயத்தார் யாரும் காக்கப்படவில்லை. அதே 1854 மார்ச் மாத இறுதியில்தான் பம்பாய்ச் சங்கத்தின் சார்பில் ஒரே ஒரு மனிதர் ஈரானுக்குக் கப்பலேறினார்.

ஒரு மனிதரின் பணி

அவர் பெயர் மானெக்ஜி லிம்ஜி ஹதாரியா. சூரத்துக்கு அருகில் 1813இல் பிறந்தவர். இளமையிலிருந்தே உழைத்துப் பிழைத்தவர். பெருஞ்செல்வரும் அல்லர், பட்டம் பெற்றவரும் அல்லர். வாணிகத்தின் பொருட்டுப் பல இடங்களுக்குச் சென்று பழகியவர் என்பதும், ஆங்கிலேயக் குடிமகன் என்னும் தகுதியுமே அவருடைய துணை. அந்தத் தகுதி சிறிதன்று. ஈரானியச் சரதுஷ்டிரன் ஒருவனை ஆளுநர் அடிக்கலாம். பம்பாய்க் குடிமகனை அடித்தால் ஆங்கிலத் தூதரகம் கேள்வி கேட்கும். அந்தப் பாதுகாப்பைத் தமக்காகப் பயன்படுத்தாமல், பாதுகாப்பில்லாதவர்களின் நடுவே சென்று நிற்பதற்குப் பயன்படுத்தினார் என்பதே அவருடைய பெருமை.

அவர் முதலில் செய்த வேலை கண்ணீர் விடுதலன்று, கணக்கெடுத்தல். யஸ்திலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் 6,658 பேர், கெர்மானில் 932 பேர், பிற இடங்களில் மிகச் சிலர் என்று அவர் பம்பாய்க்கு எழுதினார். ஒரு காலத்தில் ஒரு பேரரசின் சமயமாயிருந்ததைப் பின்பற்றுவோர் அந்நாட்டிலேயே எட்டாயிரம் பேர்கூட இல்லை என்பதைப் பம்பாய் மக்கள் எண்ணிக்கையாகக் கண்டபோதுதான் அதன் அச்சத்தை உணர்ந்திருப்பர். அலுவலகங்களில் நாள்தோறும் விண்ணப்பங்களைப் பிரித்துப் படிக்கும் நம் போன்றோர் இதனை நன்கு அறிவோம். பெருந்துன்பம் என்று பொதுப்பட எழுதிய மனு கோப்பிலேயே உறங்கும். இன்ன ஊரில் இத்தனை பேர், இன்ன வரியால் இன்ன இழப்பு என்று எழுதிய மனுவுக்கு மேலதிகாரி ஏதேனும் ஒரு விடை எழுதியே தீர வேண்டும்.

அடுத்து அவர் இடிந்துகிடந்த அக்கினிக் கோயில்களைப் புதுப்பித்தார், இறந்தோரை வைக்கும் மௌன கோபுரங்களை எழுப்பினார், பள்ளிகளைத் திறந்தார். யஸ்திலிருந்தும் கெர்மானிலிருந்தும் சிறுவர்களைத் தலைநகரான தெகரானுக்கு அழைத்துவந்து, தங்கிப் படிக்க ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு நகரிலும் அஞ்சுமன் என்னும் ஊர் மன்றத்தை ஒழுங்குபடுத்தி, தம் வழக்குகளைத் தாமே பேசித் தீர்த்துக்கொள்ளவும், அரசிடம் ஒரே குரலில் முறையிடவும் பழக்கினார். இவற்றுக்கான பணம் பம்பாயில் திரட்டப்பட்டு ஆண்டுதோறும் சென்றது. தலைவரியின் சுமையைத் தாங்கவும் அந்நிதி துணைபுரிந்தது. இடையில் சில காலம் பம்பாய் வந்து சென்றதைத் தவிர, 1890இல் தெகரானில் உயிர் நீக்கும்வரை அவர் ஈரானிலேயே வாழ்ந்தார்.

பேரரசின் கணக்கு

இனி ஆங்கில அரசின் பங்கைப் பார்ப்போம். அறத்தின்பாற்பட்டு ஆங்கிலேயர் உதவினர் என்று எழுதிவிடுதல் எளிது. முற்றும் தன்னலத்தாலேயே உதவினர் என்று எழுதுவதும் எளிது. உண்மை இவ்விரண்டிற்கும் இடையில் கிடக்கிறது.

ஈரான் அன்று உருசியப் பேரரசுக்கும் ஆங்கிலேய இந்தியாவுக்கும் நடுவில் கிடந்த நாடு. அதனைத் தன் பக்கம் வைத்துக்கொள்ள இரு பேரரசுகளும் முயன்றன. ஹதாரியா சென்ற மூன்றாண்டுகளுக்குள்ளேயே ஹேராத் நகரைப் பற்றிய பூசலில் பிரிட்டனுக்கும் ஈரானுக்கும் போர் மூண்டது. 1856 டிசம்பரில் பம்பாயிலிருந்து சென்ற படை புஷயர் துறைமுகத்தைப் பிடித்தது. 1857 மார்ச்சில் பாரிசில் உடன்படிக்கை எழுதப்பட்டது. அவ்வுடன்படிக்கை ஹேராத்தைப் பற்றியும் தூதரகத்தைப் பற்றியும் பேசிற்று. யஸ்து நகரின் தலைவரியைப் பற்றிப் பேசவில்லை. வென்ற நேரத்தில்கூட அதைக் கேட்க வேண்டும் என்று அரசுக்குத் தோன்றவில்லை. எனவே அரசு தானாக எழுந்து இவர்களுக்காகப் பேசவில்லை என்பது தெளிவு.

பேச வைத்தவர்கள் பம்பாய்க்காரர்கள். தெகரானுக்கு எந்தத் தூதர் வந்தாலும் ஹதாரியா அவரைச் சென்று கண்டார். பம்பாய்ச் சங்கம் அவருக்குக் கடிதம் எழுதிற்று. 1859இல் தூதராக வந்த ஹென்றி ராலின்சன், பெஹிஸ்தூன் பாறையில் தாரியஸ் மன்னன் பொறித்த கல்வெட்டைப் படித்துப் புகழ்பெற்ற அறிஞர். பழைய ஈரானின் எழுத்தைப் படித்தவருக்கு அதன் பழைய சமயத்தார்மீது இயல்பாகவே பரிவு இருந்தது. அவருடைய துணையால் ஹதாரியாவின் முறையீடு நாசிருத்தீன் ஷாவின் செவிக்கு எட்டியது. வரியில் சிறு குறைப்பும் கிடைத்தது. முற்றிலும் நீக்க வேண்டும் என்னும் வேண்டுகோளுக்கு விடை வரவில்லை. ஆண்டுகள் கழிந்தன. தூதர்கள் மாறினர். ஒவ்வொரு தூதருக்கும் தொடக்கத்திலிருந்து மீண்டும் எழுத வேண்டியிருந்தது. அவர்களும் சலிக்காமல் எழுதினர்.

1873இல் ஒரு வாய்ப்பு நேர்ந்தது. ஈரானிய மன்னர்களுள் முதன்முறையாக நாசிருத்தீன் ஷா ஐரோப்பாவில் சுற்றுப்பயணம் செய்தார். சூன் மாதம் அவர் இலண்டனில் தங்கியிருந்தபோது, அங்கே வாழ்ந்த பார்சிகள் ராலின்சன் முதலியோரின் துணையோடு ஒரு விண்ணப்பத்தை அவரிடம் சேர்ப்பித்தனர். அதில் கையொப்பமிட்டோருள் தாதாபாய் நௌரோஜியும் ஒருவர். பின்னாளில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமர்ந்தவரும், இந்தியாவின் வறுமைக்கு ஆங்கில ஆட்சியே காரணம் என்று கணக்கிட்டுக் காட்டியவருமான அதே தாதாபாய்தான். அப்பயணத்தின்போதே பாரிசில், பிரெஞ்சு யூதர் தலைவரான அடால்ப் கிரெமியூ ஈரானிய யூதர்களுக்காக ஷாவிடம் முறையிட்டார் என்பதும் நோக்கத்தக்கது. வேறு நாட்டில் மதிப்போடு வாழும் உறவினர்களின் குரல் மன்னரின் பயணம் முழுவதும் அவரைத் தொடர்ந்தது.

ஷா ஆவன செய்வதாகச் சொன்னார். அதன்பின் மேலும் ஒன்பது ஆண்டுகள் சென்றன. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்கிறோம். இந்த அம்மி நகர 28 ஆண்டுகள் ஆயின. ரொனால்டு தாம்சன் தெகரானில் ஆங்கிலத் தூதராக இருந்தபோது, 1882ஆம் ஆண்டில், சரதுஷ்டிரர்மீது விதிக்கப்பட்ட ஜிசியா நீக்கப்படுகிறது என்றும், பிற குடிமக்கள் செலுத்தும் வரிகளையே அவர்களும் செலுத்துவர் என்றும் அரசாணை பிறந்தது.

ஏன் அப்போது பிறந்தது? வரியினால் கருவூலத்துக்குக் கிடைத்த தொகை மிகச் சிறியது. அதை விட்டுக்கொடுப்பதனால் ஷாவுக்குப் பெரிய இழப்பில்லை; ஐரோப்பாவில் நல்ல பெயரும் ஆங்கில அரசின் நல்லெண்ணமும் கிடைத்தன. ஆங்கில அரசுக்கோ ஒரு படைவீரனும் ஒரு பொற்காசும் செலவில்லை. பம்பாயின் செல்வர்கள் மகிழ்ந்தனர். கொடுப்பவர்க்குச் சிறிதாகவும் பெறுபவர்க்குப் பெரிதாகவும் இருக்கும் ஒன்றைத் தேர்ந்து கேட்டதே இம்முயற்சியின் நுட்பம். அயல்நாட்டு அரசின் சொல் எதைப் பெற்றுத் தரும், எதைப் பெற்றுத் தராது என்பதைச் சங்கத்தார் நன்கு அறிந்திருந்தனர் எனலாம்.

ஆங்கில அரசின் பரிவைப் பற்றி ஒரு சொல். தெகரானில் அரசர் தம் குடிகளின் முறையீட்டைக் கேட்க வேண்டும் என்று பேசிய அதே அரசு, 1878இல் இந்தியாவில் தாய்மொழி இதழ்களின் வாயை அடைக்கச் சட்டம் இயற்றியது. பிறர் வீட்டுக் குறையைக் காணும் கண், தன் வீட்டுக் குறையைக் காண்பதில்லை. இதனால் யஸ்து மக்கள் பெற்ற நன்மை பொய்யாகிவிடாது. ஆனால் ஓர் அரசு வெளிநாட்டில் பேசும் அறத்தைக் கொண்டு அவ்வரசின் இயல்பை அளந்துவிடலாகாது என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஆணை எட்டாத இடங்கள்

ஆணை பிறந்தது, ஆனால் தெருவில் என்ன மாறிற்று? ஆறாண்டுகள் கழித்து, 1888இல் யஸ்துக்கும் கெர்மானுக்கும் சென்ற எட்வர்டு பிரௌன் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர், சரதுஷ்டிரர்கள் இன்னும் மங்கிய மஞ்சள் ஆடையே உடுத்துவதையும், குதிரைமீது ஏற இயலாதிருப்பதையும் கண்டு எழுதினார். தெகரானில் எழுதிய ஆணை பாலைவனத்தைக் கடந்து யஸ்தின் தெருமுனையை அடையப் பல ஆண்டுகள் ஆயின. எஞ்சிய கட்டுப்பாடுகளை நீக்குமாறு 1898இல் அடுத்த ஷாவான முசபருத்தீன் மற்றோர் ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. அதுவும் உடனே முழுப்பயன் தரவில்லை.

நிலைத்த மாற்றம் வேறு வழியில் வந்தது. ஹதாரியா தொடங்கிய பள்ளிகளும் மன்றங்களும் ஒரு தலைமுறையை உருவாக்கின. 1906இல் ஈரானில் அரசியலமைப்பு இயக்கம் வெற்றி பெற்று முதல் நாடாளுமன்றம் கூடியபோது, அதில் ஜாம்ஷீது ஜாம்ஷீதியான் என்னும் சரதுஷ்டிர வணிகர் உறுப்பினராக அமர்ந்தார். அவருக்குப் பின் அவ்விடத்துக்கு வந்த கெய்கோஸ்ரோ ஷாருக், கெர்மானில் பிறந்து, தெகரானிலும் பம்பாயிலும் கல்வி பயின்றவர். ஈரானின் நாட்காட்டியில் பழைய பாரசீக மாதப் பெயர்கள் 1925இல் சட்டப்படி இடம்பெற்றதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. மழை நாளில் தெருவில் நடக்கத் தடுக்கப்பட்டவர்களின் வழித்தோன்றல் நாட்டின் மாதங்களுக்குப் பெயர் சூட்ட உதவினார். அயல்நாட்டுத் தூதரின் சொல் கதவை ஓரளவே திறந்தது. உள்ளே நடந்து சென்றவர்கள் அம்மண்ணின் மக்களே.

இவ்வெற்றிக்கு ஒரு நிழலும் உண்டு. 1882இன் ஆணை சரதுஷ்டிரர்களுக்கு மட்டுமே உரியது. அதே ஈரானில், 1850ஐ ஒட்டிய ஆண்டுகளில் பாபி சமயத்தார் பெருந்தொகையினர் கொல்லப்பட்டனர். அவர்கள் வழிவந்த பஹாய் சமயத்தார் 1903இல் இதே யஸ்து நகரில் படுகொலைக்கு ஆளாயினர். அவர்களுக்கு இங்கிலாந்து மன்னரிடம் பட்டம் பெற்ற உறவினர் இல்லை. ஆலை முதலாளிகள் இல்லை. 28 ஆண்டுகள் கடிதம் எழுதப் பம்பாய் ஒன்று இல்லை. 1979இன் புரட்சிக்குப் பின் எழுதப்பட்ட ஈரானிய அரசியலமைப்பு சரதுஷ்டிரர், யூதர், கிறித்தவர் ஆகியோரைச் சிறுபான்மைச் சமயத்தாராக ஏற்று, சரதுஷ்டிரர்க்கு நாடாளுமன்றத்தில் ஓரிடமும் தருகிறது. பஹாய்களை அது ஏற்கவில்லை. அப்புரட்சிக்குப் பின் இருநூற்றுக்கும் மேற்பட்ட பஹாய்கள் கொல்லப்பட்டனர். உறவும் செல்வாக்கும் உள்ளவர்க்கே பிற அரசுகள் பேசும் என்றால், இல்லாதவர் கதி என்ன? இவ்வினாவுக்கு விடையாகவே, மனச்சான்று, சமயம் ஆகியவற்றின் உரிமை எல்லா மனிதர்க்கும் பொது என்று 1948இல் ஐக்கிய நாடுகள் அவை தன் உலகப் பேரறிக்கையின் 18ஆம் பிரிவில் அறிவித்தது. அறிவிப்புக்கும் யஸ்தின் தெருமுனைக்கும் இடையே உள்ள தொலைவு இன்னும் முற்றும் கடக்கப்படவில்லை.

நம்மவர் சென்ற வழி

பம்பாய்ப் பார்சிகள் கண்ட வழியை, 30 ஆண்டுகளுக்குப் பின் நம்மவரும் சென்று கண்டனர். 1913 மார்ச்சில் தென்னாப்பிரிக்காவின் கேப் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி சேர்ல் அளித்த தீர்ப்பு, அந்நாட்டுச் சட்டப்படி பதிவாகாத, கிறித்தவ முறைப்படி நடவாத மணங்களைச் சட்டத்தின் பார்வையில் செல்லாதவை ஆக்கியது. இந்து, இசுலாமிய, பார்சிக் குடும்பங்களின் பெண்கள் ஒரே நாளில் மனைவியர் என்னும் தகுதியை இழந்தனர். சுரங்கத் தொழிலாளரும் தோட்டத் தொழிலாளரும், அவர்களோடு தமிழ்ப் பெண்கள் பலரும் காந்தியடிகளின் தலைமையில் சிறை சென்றனர். சிறையில் நோயுற்று, வெளிவந்தவுடன் 1914 பிப்ரவரியில் உயிர் நீத்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். இங்கே கோகலே நிதி திரட்டினார். ஊர்தோறும் கூட்டங்கள் நடந்தன. 1913 நவம்பரில் சென்னைக்கு வந்த வைசிராய் ஹார்டிஞ்சு, பிரிட்டிஷ் பேரரசின் மற்றோர் அரசைக் குறைகூறி, தென்னாப்பிரிக்க இந்தியரின் போராட்டத்துக்குத் தம் பரிவை வெளிப்படையாகவே தெரிவித்தார். பின்னர்த் தம் சார்பாளராக பெஞ்சமின் ராபர்ட்சனை அனுப்பினார். 1914இல் இயற்றப்பட்ட இந்தியர் துயர்நீக்கச் சட்டம் அம்மணங்களுக்குச் சட்டத் தகுதி அளித்தது. மூன்று பவுன் வரியையும் நீக்கியது. அப்போராட்டத்தில் சிறை சென்றோருள் பார்சி ருஸ்தம்ஜி என்னும் டர்பன் வணிகரும் ஒருவர் என்பது நினைவுகூரத் தக்கது.

இரு வரலாறுகளிலும் அடிப்படை ஒன்றே. அரசு தானாக எழவில்லை, எழுப்பப்பட்டது. அங்கே துன்புற்றோர் தாங்கி நின்றனர். இங்கே இருந்தோர் ஓயாமல் எழுதினர், பேசினர், பணம் திரட்டினர். அரசு தன் பயன் கெடாத இடத்தில் தன் சொல்லைத் தந்தது. அச்சொல் சிறிதே எனினும், அது வந்தபோது அதைப் பற்றிக்கொள்ள அம்மண்ணில் ஆயத்தமான மக்கள் இருந்தனர்.

ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இவ்வரலாறு ஒரு பொறுப்பை உணர்த்துகிறது. வந்த இடத்தில் நமக்குக் கிடைக்கும் கல்வி, பதவி, பாதுகாப்பு ஆகிய அனைத்தும் நமக்கே உரியவை என்று எண்ணுவது எளிது. ஹதாரியா தம் கடவுச்சீட்டை அவ்வாறு எண்ணவில்லை. எங்கோ ஒருவன் தன் வழிபாட்டுக்காக ஒடுக்கப்படுகிறான் என்று கேட்கும்போது, அவன் நம் இனத்தானா, நம் சமயத்தானா என்று முதலில் கேட்பது மனித இயல்பு. பம்பாய்ப் பார்சிகளும் தம் உறவினருக்காகவே எழுந்தனர், அதில் குற்றமில்லை. ஆனால் யஸ்தில் 1882இல் வரி நீங்கியவனின் அடுத்த தெருவில், 1903இல் காப்பார் இன்றி ஒருவன் கொல்லப்பட்டான் என்பதையும் சேர்த்தே இவ்வரலாற்றை நாம் படிக்க வேண்டும். உறவினருக்காக எழுதக் கற்ற கை, உறவில்லாதவனுக்காகவும் ஒரு விண்ணப்பம் எழுதுமானால், அன்றுதான் அந்த 28 ஆண்டு உழைப்பு முழுமை பெறும்.